நெட்டு வராத போன்

“அந்த நெட்டு வராத போனைத்தான் கேக்கறாங்க” என்று வள்ளிமயில் சொன்னபோது அவள் கணவர் தேவநாதனின் வாயில் இட்லி இருந்தது. அது உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“யாரு கேக்கறாங்க?”

“திண்டிவனத்துச் சம்பந்தியம்மாதான். காலையில சாமி பாட்டு கேக்கணுமாம். நெட்டு வர்ற போனா இருந்தா அவங்க வூட்டுக்காரரு புடுங்கி வச்சிக்கினு நாள் பூரா பாத்துக்கினு இருப்பாராம். ஞாயித்துக்கிழமை போறப்ப எடுத்துக்கினு போயிடலாம்.”

“பழைய போனு அது. அதைப் போயி சம்பந்தி வூட்டுக்குக் குடுத்தா மரியாதையாவா இருக்கும்?”

“அவங்களே வாய்விட்டுக் கேட்டாங்க. இருக்கிறபடியே குடுத்துடலாம். நீங்க அதுல ஒண்ணையும் கிளறிக்கினு இருக்காதீங்க.”

சொல்லிவிட்டு வள்ளிமயில் சட்னிக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள். தேவநாதன் ஒரு வழியாக இட்லியை விழுங்கினார். அதோடு சேர்ந்து ஏதோ ஒரு பயமும் உள்ளே இறங்கியது.

தேவநாதன் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்தப் பேருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் சக்கரம் உருளும். வீட்டில் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அங்கே வண்டி வள்ளிமயிலின் நேரப்படிதான் ஓடியது. ஒரே மகள் ஆர்த்தி பாண்டிச்சேரியில் வேலை பார்த்தாள். அவளுக்குத் திண்டிவனம் துரைக்கண்ணுவின் மகன் பிரவீன்குமாரைப் பேசி முடிக்க அரை வருஷம் ஆகிவிட்டது. ஜாதகம் பொருந்தியபோது ஆடி வந்தது. ஆடி போனதும் யாரோ ஒரு பங்காளி செத்துப்போனார். தீட்டுக் கழிந்ததும் புரட்டாசி வந்தது. கடைசியில் வரும் ஞாயிற்றுக்கிழமை கை நனைக்கப் போவதென்று முடிவாயிற்று.

இந்தப் பக்கத்தில் அது ஒரு முக்கியமான சமாச்சாரம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரைக்கும் காபியோடு சரி. கை நனைவதற்கு முன்னால் ஒரு வார்த்தை தவறினாலும், ஒரு மூஞ்சி சுளித்தாலும், “ஜாதகத்தை இன்னொரு எடத்துல பாத்தோம்” என்று சொல்லி ஆளைக் கழற்றிவிடலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்தப் போன். இரண்டு மாதத்துக்கு முன்புவரை தேவநாதன் அதைத்தான் வைத்திருந்தார். ஒருநாள் அது இட்லி மாவு வாளிக்குள் தலைகுப்புற விழுந்தது. கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, அரிசி டப்பாவில் புதைத்து வைத்துப் பார்த்தார்கள். உயிர் வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. பாட்டு பாடியது, மணி காட்டியது. சிம்மைப் போட்டால் சிம் இல்லை என்றது. வை-பை பக்கம் போனால் அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பென்ஷன் வாங்கிய அதிகாரி மாதிரி, உள்ளே எல்லா விவரமும் இருந்தும் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் அலமாரியில் கிடந்தது.

உள்ளே இருந்த விவரம்தான் தேவநாதனுக்கு வில்லங்கம். அந்தப் போன் பேசியதையெல்லாம் தானாகவே பதிவு செய்யும். விற்றவன் அப்படி வைத்துக் கொடுத்திருந்தான், இவரும் அப்படியே விட்டுவிட்டார். டிரைவர்கள் சொன்னதை இல்லை என்று சாதிக்கும்போது எடுத்துப் போட்டுக் காட்ட வசதியாக இருந்தது. பிறர் பேச்சுப் பதிவாகும்போது தன் பேச்சும் பதிவாகும் என்பதை அவர் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

சம்பந்தம் பேச ஆரம்பித்ததும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க அவர் பிடித்த ஆள் தாண்டவராயன். விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் கண்டக்டர், சொந்த ஊரும் திண்டிவனம். அவனிடம் போனில் விசாரித்தது கொஞ்சம், வம்பளந்தது அதிகம். “பேச ஆரம்பிச்சா அந்தத் துரைக்கண்ணு மூச்சு வுடறதுகூட இல்லப்பா” என்று ஒருநாள் சொல்லியிருந்தார். “கரும்பு வெட்டுன கதையை ஆரம்பிச்சாரு. எனக்குக் கொட்டாவி வந்துச்சி, வாயைப் பொத்திக்கினு வுட்டேன்” என்று இன்னொரு நாள். அதையும் தாண்டி, “நேத்து அவரு பேசறப்ப ஸ்பீக்கர்ல போட்டு மயிலுகிட்ட வச்சிட்டுப் போயி குளிச்சிட்டு வந்தேன். வந்தப்பவும் வாய் மூடல. அந்தாளுகூடக் குடும்பம் நடத்துற அம்மாவுக்கு ஒரு செலை வைக்கணும்” என்று ஒன்று. இதெல்லாம் அவருடைய சொந்தக் குரலில், தேதியோடு இருந்தன.

துரைக்கண்ணு கெட்ட மனிதர் இல்லை. கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற, நிலபுலம் உள்ள விவசாயி. சம்பந்தத்தில் பேராசை இல்லாதவர். ஆனால் அவர் பேச்சை மட்டும் குறை சொல்லக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது கொட்டாவி விட்ட குற்றத்துக்காகச் சொந்தத் தம்பி வீட்டுக்குப் பல வருஷமாகப் போகாதவர். போன் சம்பந்தியம்மா வெள்ளையம்மாள் கைக்குப் போய், அவள் பாட்டு என்று நினைத்து எதையாவது தட்டி, அது துரைக்கண்ணுவின் காதில் விழுந்தால் ஆர்த்தியின் கல்யாணம் அன்றோடு முடிந்தது. அந்தப் பெண் இப்போதே பிரவீன்குமாரோடு பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நினைத்தபோது தேவநாதனுக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

வள்ளிமயிலிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால் துரைக்கண்ணு கோபிப்பதற்கு முன்னால் அவளே இவரை ஒரு வழி பண்ணிவிடுவாள். தானே அழித்துவிடுவது என்று தீர்மானித்தார். அழிப்பது என்ன பெரிய வேலை?

போனைத் துண்டில் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார். பதிவுகள் வரிசையாக வந்தன. பாதிக்கு மேல் துரைக்கண்ணு இவரைக் கூப்பிட்டுப் பேசியவை, ஒவ்வொன்றும் ஒரு சினிமாவின் நீளம். அவற்றைப் பற்றி இவருக்குக் கவலையில்லை. தன் குரலைக் கேட்டு யாரும் கோபித்துக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. தாண்டவராயன் பெயரை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கப் போனார். அழிக்கிற பட்டன் திரையின் கீழ் மூலையில் இருந்தது. அந்த மூலை மாவு வாளியோடு செத்துப்போயிருந்தது.

அழுத்தினார், தேய்த்தார், விரலை நக்கிக்கொண்டு தேய்த்தார். விரல் வழுக்கி மேலே பட்டதும் பதிவு பாட ஆரம்பித்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கும் பொத்தானுக்குள் மாவு காய்ந்து இறுகியிருந்தது. கூட்டும் பொத்தான் மட்டும் நன்றாக வேலை செய்தது. டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் தேவநாதனின் குரல் கோயில் ஒலிபெருக்கிபோல எழுந்தது. அவர் குழாயைத் திறந்துவிட்டார், போனைத் துண்டால் மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“உள்ள யாருகூடப் பேசிக்கினு இருக்கீங்க?” என்றாள் வள்ளிமயில் கதவுக்கு வெளியே.

“பாட்டு கேக்குதான்னு பாத்தேன் மயிலு.”

“பாட்டுல எதுக்குக் கொட்டாவி வருது?”

அவர் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

அன்று மதியம் திண்டிவனம் வண்டி நிலையத்துக்குள் வந்ததும் தாண்டவராயனை டைம் ஆபீசுக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினார். விஷயத்தைக் கேட்ட தாண்டவராயனுக்கும் வியர்த்துவிட்டது. பதிவில் அவன் சிரித்த சிரிப்பும் இருக்கிறதே, அவன் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

“ஒண்ணொண்ணா அழிச்சா ஆவாதுண்ணே. மொத்தமா அழிச்சிடலாம். பக்கத்துப் பொத்தான் ரெண்டையும் சேத்து அமுத்திப் புடிங்க.”

பிடித்தார்கள். திரை இருண்டது. பிறகு வயிற்றைத் திறந்துகொண்டு மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பச்சைப் பொம்மை தோன்றியது. கீழே வரிவரியாக ஆங்கிலம். ஆளுக்கொரு வரியாகப் படித்து, எது அழிக்கிற வரி என்று சண்டை போட்டு, கடைசியில் தாண்டவராயன் சொன்ன வரியை அழுத்தினார்கள். வெளியே திண்டிவனம் வண்டிப் பயணிகள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். “டைம் கீப்பர் எங்கய்யா?” என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். இத்தனை வருஷ சர்வீசில் தேவநாதனாலேயே ஒரு வண்டி தாமதமானது அன்றுதான்.

போன் மறுபடி உயிர் பெற்றது. வணக்கம் என்றது. என்ன மொழி என்று கேட்டது. தமிழ் என்றதும் சந்தோஷமாக அடுத்த பக்கத்துக்குப் போய், இந்தப் போனுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று சரிபார்க்க வேண்டும், இணையத்தில் இணையுங்கள் என்றது. வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே இல்லை. பின்னால் போனால் வணக்கம், முன்னால் வந்தால் இணையம். இணையம் இல்லாமல் போனதால்தான் அது அலமாரிக்கே போனது என்பதை அதற்கு யார் சொல்வது?

“உள்ள எல்லாம் அழிஞ்சிருக்கும்ணே. ஆனா இனிமே தொறக்காது” என்றான் தாண்டவராயன். “சரி, டைமாச்சு, ஜல்தி கையெழுத்துப் போடுங்க.” வாங்கிக்கொண்டு ஓடிப் படியில் தொற்றிக்கொண்டான்.

காலையில் பாட்டாவது பாடிய போன் இப்போது அதையும் பாடவில்லை. வணக்கம் மட்டும் சொல்லும் ஒரு போனைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? வள்ளிமயிலோ போனுக்குப் புது உறை வாங்கி வைத்துவிட்டாள். அன்று ராத்திரி, போன் எங்கே என்று கேட்டவளிடம் சார்ஜ் போட ஆபீசில் வைத்திருப்பதாக ஒரு பொய் சொன்னார். வீட்டில் கரண்ட் இல்லையா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் சுதீஷின் மொபைல் கடைக்குப் போனார். சுதீஷ் அதிகம் பேசாத ஆள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் மாட்டிப் புதிதாக சாஃப்ட்வேர் ஏற்றினால் இணையம் கேட்காமல் திறந்துகொள்ளும், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தேவநாதனுக்கு மூச்சு வந்தது. எழுந்திருக்கப் போனபோது சுதீஷ் ஒரு ஊசியால் போனின் பக்கவாட்டில் குத்தி நகம் அளவுக்கு எதையோ வெளியே எடுத்தார்.

“மெமரி கார்டு சார். இதுல எதனா முக்கியமா இருக்குதான்னு பாத்துக்குங்க.”

“அதுலதான் ஒண்ணும் இல்லீங்களே. எல்லாம் அழிச்சாச்சு.”

“போனை அழிச்சா கார்டு அழியாது சார்” என்றபடி சுதீஷ் அதைக் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் எல்லாம் இருந்தன. பெயரோடும் தேதியோடும், ஒன்றுகூடக் குறையாமல். வீட்டைக் கொளுத்திவிட்டு வந்து பார்த்தால் சாமான் எல்லாம் மாட்டுக் கொட்டகையில் பத்திரமாக இருந்த கதைதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க சுதீஷ் ஒன்றைத் தட்டினார். கம்ப்யூட்டர், கடை வாசலில் பாட்டுக்காக வைத்திருந்த பெரிய ஸ்பீக்கரோடு இணைக்கப்பட்டிருந்தது.

“அந்தாளுகூடக் குடும்பம் நடத்துற அம்மாவுக்கு ஒரு செலை வைக்கணும்” என்று தேவநாதனின் குரல் விழுப்புரத்துக் கடைத்தெருவில் அறிவித்தது. வண்டியில் போனவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். சார்ஜர் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, தன் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். போன் திரைக்குக் கண்ணாடி ஒட்டக் காத்திருந்த பெரியவர், மீதியையும் போடச் சொன்னார்.

“அழிங்க. மொத்தத்தையும் அழிங்க” என்றார் தேவநாதன். அழுகை வராத குறை.

“ஒரு காப்பி எடுத்து வைக்கட்டா சார்? அழிச்சப்புறம் நெறைய பேரு வந்து கேப்பாங்க.”

“இதை எவனும் கேக்க மாட்டான். அழிங்க.”

சுதீஷ் அழித்தார். ஆனால் தேவநாதனுக்கு நம்பிக்கை வரவில்லை. அழித்ததையும் தோண்டி எடுத்துவிடுகிறார்களே, பேப்பரில் வருகிறதே என்று கேட்டார். அதன்மேல் வேறு எதையாவது நிறைத்து வைத்தால் யாராலும் எடுக்க முடியாது என்றார் சுதீஷ். உடனே முருகன் பாட்டு, அம்மன் பாட்டு, பெருமாள் பாட்டு, சிவன் பாட்டு, கடையில் இருந்த அத்தனையையும் ஏற்றச் சொன்னார். அப்படியும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. பொங்கல் விழாப் பட்டிமன்றம் ஒன்றைப் போட்டு அதையும் அடைத்தார்கள்.

சனிக்கிழமை போன் பிறந்த குழந்தைபோலக் கைக்கு வந்தது. யார் என்று கேட்கவில்லை, இணையம் கேட்கவில்லை, தட்டினால் முருகனைக் கூப்பிட்டது. தேவநாதன் அதைப் புது உறையில் போட்டு அவரே வள்ளிமயிலிடம் கொடுத்தார். “கிளறலைதான?” என்றாள். இல்லை என்று தலையாட்டினார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. மகளைக் காப்பாற்றிய திருப்திதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்களோடு வேன் கிளம்பியது. பழத்தட்டு, பூத்தட்டு, வெற்றிலைத் தட்டு எல்லாவற்றையும் பின் சீட்டில் வைத்தார்கள். போனை மட்டும் வள்ளிமயில் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தியபோதும் கீழே வைக்கவில்லை. அவ்வப்போது அதைத் தடவிப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பழைய போனைக் கொடுப்பதில் இவளுக்கு என்ன இவ்வளவு ஆனந்தம் என்று தேவநாதனுக்குப் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துரைக்கண்ணு வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்த பேச்சு இலை போடும்வரை ஓடியது. இலை போட்டதும் நிற்கும் என்று பார்த்தால் அது சமையல் பக்கம் திரும்பியது.

“சாம்பாருல உப்பு எங்க போச்சு? வடையை யாரு இப்படிக் கருக்கினது? சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்ல என்னைக்கும் இப்படித்தான், நான் பழகிட்டேன்.”

உண்மையில் சாப்பாடு அமிர்தமாக இருந்தது. அப்படி ஒரு வத்தக்குழம்பைத் தேவநாதன் ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் நினைத்தார். துரைக்கண்ணுவின் பேச்சில் நுழைய ஒரு இடைவெளி கிடைத்தால்தானே? வெள்ளையம்மாள் கேட்காதவள் மாதிரி அப்பளத்தை வைத்துக்கொண்டே போனாள்.

சாப்பாடு முடிந்தது. எல்லாரும் எழுந்து கை கழுவினார்கள். கை நனைந்தது. தேவநாதன் குழாயடியில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் நனைத்துக்கொண்டார். அவ்வளவுதான், இனி ஆர்த்தி இந்த வீட்டுப் பெண்.

துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது வள்ளிமயில் சமையலறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள். உள்ளே வெள்ளையம்மாளும், மாப்பிள்ளையின் அக்கா பானுப்ரியாவும் இருந்தார்கள். இவர் நுழைந்ததும் பானுப்ரியா கதவைச் சாத்தினாள். வெள்ளையம்மாள் முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்து, கூடத்துக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“அந்தப் பேச்செல்லாம் இதுலதான் இருக்குதாமே சம்பந்தி? எங்க இருக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க.”

“எந்தப் பேச்சுங்கம்மா?” என்று வள்ளிமயிலைப் பார்த்தார்.

“நான்தான் சொன்னேன்” என்றாள் அவள் வெட்கத்தோடு. “அதுல பேசறது எல்லாம் பதிவாவுதுன்னு எனக்குத் தெரியாதா என்ன?”

கட்டிய மனைவியே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று தேவநாதனுக்கு ஒரு கணம் கண் இருட்டியது. அடுத்த கணம், காட்டிக்கொடுக்க அதில் எதுவுமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் தோரணை வந்துவிட்டது.

“ஒரு பேச்சும் இல்லீங்கம்மா. போனை அழிச்சி, கார்டையும் அழிச்சி, அதுமேல சாமி பாட்டா போட்டு ரொப்பி வச்சிருக்கேன். இனிமே யாரு நெனச்சாலும் எடுக்க முடியாது.”

“எல்லாமேவா?” என்றாள் வெள்ளையம்மாள்.

“எல்லாமேதாங்க. ஒரு வார்த்தை மிச்சம் கெடையாது.”

வெள்ளையம்மாள் போனைப் பார்த்தாள். பிறகு அதை முந்தானையால் ஒரு தடவை துடைத்துப் புளிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். பரவாயில்லை, பாட்டாவது கேட்கலாம் என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வள்ளிமயில் தலையில் கை வைத்துக்கொண்டாள். கூடத்தில் துரைக்கண்ணு, ரசத்தில் புளி அதிகம் என்பதை யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். தேவநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பானுப்ரியா அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“என்னா மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? ஸ்பீக்கர்ல போட்டுட்டு நீங்க குளிக்கப் போன அன்னைக்கி, எங்கம்மா கைப்பக்குவத்துக்கு ஒலகத்துலேயே ஈடு கெடையாதுன்னு எங்கப்பா இந்த அத்தைகிட்ட அவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருந்தாராம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அம்மா காதால கேக்காத அந்தப் பேச்சை ஒருவாட்டி கேக்கத்தான் இந்தப் போனையே கேட்டுது.”